மலையில் ஓடும் ஆப்: பிளாட்ஃபார்ம், மொழி, ஃபிரேம்வொர்க் தேர்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆப் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் வரும் ஊட்டி, குன்னூர்ப் பிள்ளைகள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "ஃப்ளட்டர் படிக்கவா, ரியாக்ட் நேட்டிவ் படிக்கவா?" இரண்டும் ஃபிரேம்வொர்க்குகள், அதாவது ஆப் எழுத உதவும் ஆயத்தக் கருவித்தொகுப்புகள். நான் அதைக் கடைசிக் கேள்வியாகத்தான் வைத்திருக்கிறேன். யார் கையில் எந்த போன் இருக்கிறது, எங்கே சிக்னல் போகிறது, போனோடு வேறு எந்தக் கருவி பேச வேண்டும், ஐந்து வருடம் கழித்து யார் இதைப் பழுது பார்ப்பார் என்ற நான்குக்கும் பதில் கிடைத்துவிட்டால், மொழி பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

இதை நான் கற்றது கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகளுக்காகச் செய்த ஒரு வேலையில். காலையில் பறித்த பச்சை இலையை விவசாயி சாக்கில் கட்டிக் கொண்டுவருவார். ஏஜென்ட் எடை போட்டு, ஈரத்துக்குக் கழித்து, சீட்டு எழுதிக் கொடுப்பார். மாதக் கடைசியில் அந்தச் சீட்டுகளை வைத்துத்தான் பணம். இந்தக் கணக்கை போனுக்கு மாற்ற வேண்டும் என்பதே வேலை. கீழே வரும் படிகள் பெரும்பாலும் அந்த அனுபவத்திலிருந்து வந்தவை. உங்கள் ஆப் வேறாக இருக்கலாம், ஆனால் கேள்விகளின் வரிசை மாறாது.

படி 1: கம்ப்யூட்டரைத் திறக்காமல் ஒரு நாள்

எடை போடும் கொட்டகையில் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள். போனை யார் பிடித்திருக்கிறார், எந்தக் கையால்? மழைக்கோட்டு போட்டிருக்கிறாரா? நனைந்த விரலைத் தொடுதிரை சரியாகப் புரிந்துகொள்ளாது, ஒரு சொட்டுத் தண்ணீரையும் விரலாக நினைத்துக்கொள்ளும். சின்னப் பட்டன் வைத்தால் மே மாதத்தில் வேலை செய்யும், ஜூலையில் செய்யாது.

ஏஜென்ட் அண்ணன் என்னிடம் அன்று சொன்னதை இன்னும் நோட்டில் வைத்திருக்கிறேன்: "தம்பி, சீட்டு நனைஞ்சா அடுப்பு மேல காய வச்சுக்கலாம். உங்க போன் நனைஞ்சா அன்னைக்கு இலைக் கணக்கை யாரு சொல்றது?" அவர் கேட்டது தகவல் பாதுகாப்பைப் பற்றி. அந்த ஒரு கேள்வியே பின்னால் பாதி வடிவமைப்பைத் தீர்மானித்தது.

ஒவ்வொருவர் போனிலும் செட்டிங்ஸ் போய், ஆண்ட்ராய்டு எந்தப் பதிப்பு, எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது, ராம் எவ்வளவு என்று அனுமதி கேட்டுப் பாருங்கள். பத்துப் பதினைந்து போன் பார்த்தால் போதும். "குறைந்தபட்சம் இந்தப் பதிப்பு" என்ற எண்ணை இந்த நோட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். டெவலப்பர் கையில் இருக்கும் புதுப் போனிலிருந்து எடுக்கக் கூடாது.

பிறகு அந்த வழியில் ஒருமுறை வண்டியில் போய் வாருங்கள். கோத்தகிரி டவுனில் சிக்னல் நன்றாக இருக்கும். பள்ளத்தில் இறங்க இறங்கக் கோடுகள் ஒவ்வொன்றாகப் போய்விடும். எங்கெங்கே போகிறது, எவ்வளவு நேரம் போகிறது என்று குறியுங்கள்.

படி 2: ஆப் தேவையா?

பல வேலைகளுக்குத் தேவையில்லை. 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. அது இணையதளமாக இருந்தது சரியான முடிவு. வருடத்துக்கு ஒருமுறை மலை ஏறுகிறவரை ஓர் ஆப் இறக்கு, இடம் காலி செய், பதிவு செய் என்று சொன்னால் செக்போஸ்டில் வரிசை இன்னும் நீளும். ஒருமுறை பயன்படுத்துவதற்கு இணையதளம், தினமும் பயன்படுத்துவதற்கு ஆப். இது என் முதல் வடிகட்டி.

எங்கள் வேலையிலும் விவசாயிக்கு ஆப் தேவைப்படவில்லை. அவருக்கு வேண்டியது "இன்று உன் இலை இவ்வளவு" என்ற ஒரு வரி. அதற்கு எஸ்எம்எஸ் போதும். பட்டன் போன் வைத்திருக்கிற அக்காவுக்கும் அது போய்ச் சேரும். ஆனால் எஸ்எம்எஸ் தேர்ந்தெடுத்தால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழ், எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் போவதால் 70 இடம்தான். அதிலும் "கொ" என்பது ஒன்றல்ல, இரண்டு இடம். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் ஓர் இடம். 70-ஐத் தாண்டினால் செய்தி 67 இடங்களாக உடைந்து, இரண்டு செய்தியாகக் கட்டணம் விழும். இரண்டாவது, இந்தியாவில் நிறுவனமாக எஸ்எம்எஸ் அனுப்ப, அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசக மாதிரியையும் டிஎல்டி எனும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பதிவு முறையில் முன்பே பதிவு செய்ய வேண்டும். பிறகு ஒரு சொல்லை மாற்றினாலும் மறுபடி ஒப்புதல். அதனால் வாசகத்தை முதலிலேயே பொறுமையாகச் செதுக்குங்கள்.

ஃபேக்டரி அலுவலகத்துக்கு? அங்கே கம்ப்யூட்டரும் நல்ல இணைப்பும் இருக்கின்றன. ஓர் இணையப் பக்கம் போதும். மூன்று தரப்பில் ஒரே ஒருவருக்கு, எடை போடுகிறவருக்கு மட்டும்தான் ஆப். வேலை மூன்றில் ஒன்றாகச் சுருங்கியது.

இங்கே என் தவறையும் சொல்ல வேண்டும். முதல் முறை நான் எடை போடுகிறவருக்கும் இணையதளமே செய்தேன். சிக்னல் இல்லாதபோது "சேமி" அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் மறுபடி அழுத்தினார். சிக்னல் வந்ததும் இரண்டும் போய்ச் சேர்ந்து, ஒருவருடைய 18 கிலோ 36 ஆகிவிட்டது. அன்று இரவு பழைய சீட்டுகளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம். கணக்கில் ஊருக்கு இருந்த நம்பிக்கை திரும்ப வர ஒரு மாதம் ஆனது.

படி 3: ஆண்ட்ராய்டா, ஐஓஎஸ்ஸா, இரண்டுமா?

ஐபோனின் ஐஓஎஸ்ஸுக்கு ஆப் உருவாக்கி வெளியிட எக்ஸ்கோடு என்ற ஆப்பிளின் மென்பொருள் வேண்டும், அது மேக்கில்தான் ஓடும். ஆப்பிள் டெவலப்பர் கணக்குக்கு வருடத்துக்கு 99 டாலர், கட்டத் தவறினால் ஆப் கடையிலிருந்து இறங்கிவிடும். கூகுள் பிளேயில் 25 டாலர், ஒரே ஒரு முறை. ஆனால் 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்காக இருந்தால், வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேரை நண்பர்களிலிருந்து எடுக்காதீர்கள், பயன்படுத்தப் போகிறவர்களிலிருந்தே எடுங்கள். விதியும் நிறைவேறும், உண்மையான சோதனையும் நடக்கும்.

பணத்தைவிடப் பெரிய வேறுபாடு கருவிகளில் இருக்கிறது. மின்தராசும் சீட்டு அடிக்கும் சின்ன பிரிண்டரும் புளூடூத்தில் பேசுபவை. புளூடூத்தில் இரண்டு வகை உண்டு, பழைய கிளாசிக், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய பிஎல்இ. மலிவான தராசு, பிரிண்டர் பலவும் கிளாசிக் வகை. ஆண்ட்ராய்டில் எந்த ஆப்பும் அதோடு நேரடியாகப் பேசலாம். ஐபோனில் முடியாது. கருவி செய்தவர் ஆப்பிளின் அனுமதித் திட்டத்தில் சேர்ந்திருந்தால் மட்டுமே வழி திறக்கும், இல்லையென்றால் பிஎல்இ மட்டும்தான். பிரவுசரில் புளூடூத் என்பது சஃபாரியில் இல்லவே இல்லை. கருவி வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். வாங்கிய பிறகு தெரிந்தால் பிளாட்ஃபார்மை, அதாவது ஆண்ட்ராய்டா ஐஓஎஸ்ஸா என்பதை, கருவி முடிவு செய்துவிடும்.

எங்கள் நோட்டில் எல்லாப் போனும் ஆண்ட்ராய்டு, தராசும் கிளாசிக். முடிவு ஒரு நிமிடத்தில் வந்தது.

படி 4: பாதைகளை அருகருகே வைத்துப் பாருங்கள்

நேட்டிவ் என்பது அந்தந்த பிளாட்ஃபார்மின் சொந்த மொழியில் எழுதுவது. ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின். ஜெட்பிரெயின்ஸ் உருவாக்கிய இந்த மொழியை 2017-இல் கூகுள் ஏற்றது, 2019 முதல் ஆண்ட்ராய்டின் முதல் மொழியாக்கியது. திரையை வடிவமைக்க ஜெட்பேக் கம்போஸ், 2021-இல் நிலையான பதிப்பு வந்தது. ஐஓஎஸ்ஸுக்கு 2014-இல் வந்த ஸ்விஃப்ட், 2019-இல் வந்த ஸ்விஃப்ட்யூஐ. கருவி, பின்னணி வேலை, பேட்டரி இவற்றோடு மல்லுக்கட்டும் ஆப் என்றால் இதுவே சுருக்கமான வழி. இரண்டு பிளாட்ஃபார்முக்கும் வேண்டுமென்றால் இரண்டு முறை எழுத வேண்டும் என்பது இதன் விலை.

ஃப்ளட்டர் கூகுளுடையது, மொழி டார்ட், 1.0 பதிப்பு 2018 டிசம்பரில் வந்தது. திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் அதுவே வரைவதால் பழைய போன், புதுப் போன், ஐபோன் எல்லாவற்றிலும் ஒரே தோற்றம். ஒருவரோ இருவரோ மட்டும் உள்ள சிறு குழுவுக்கு இது பெரிய வரம். ரியாக்ட் நேட்டிவ் ஃபேஸ்புக் 2015-இல் திறந்த மூலமாக வெளியிட்டது. ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட் தெரிந்தவர் குழுவில் இருந்தால் நாளையே தொடங்கலாம். இது போனின் சொந்தப் பட்டன்களையும் எழுத்துப் பெட்டிகளையும் பயன்படுத்தும்.

கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் 2023 நவம்பரில் நிலையானதாக அறிவிக்கப்பட்டது. கணக்கு, சேமிப்பு, அனுப்புதல் ஆகிய உள்வேலைகளை ஒருமுறை எழுதி, திரையை மட்டும் தனித்தனியாகச் செய்யலாம். இன்று ஆண்ட்ராய்டு போதும், நாளை ஐபோன் வரலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இணையதளத்தையே ஒரு கூட்டுக்குள் வைத்து ஆப்பாக்குவது கடைசி வழி. செய்தி, பட்டியல், படிவம் போன்றவற்றுக்கு நல்லது. ஆனால் பிரவுசரிலேயே நிறுவும் வகையில், போனில் இடம் குறைந்தால் சேமித்ததை பிரவுசர் அழித்துவிடக் கூடும். பணக் கணக்கை அதில் வைக்க எனக்கு மனம் வராது.

ஃப்ளட்டர் எனக்கு மிகவும் பிடித்த கருவி. இருந்தும் இந்த வேலைக்கு எடுக்கவில்லை. கிளாசிக் புளூடூத்துக்கு ஃப்ளட்டர் குழுவே தரும் பிளகின், அதாவது ஆயத்த இணைப்பு நிரல், கிடையாது. யாரோ அன்போடு எழுதிப் பகிர்ந்த பிளகின்கள் உண்டு. அவற்றை எடுப்பதானால் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், பதில் இல்லாத புகார்கள் எத்தனை என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 12-இல் புளூடூத்துக்குத் தனி அனுமதி வந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளில் அருகிலுள்ள கருவியைத் தேடவே இருப்பிட அனுமதி கேட்க வேண்டியிருந்தது. இந்த மாற்றத்தைப் பிளகின் கவனித்திருக்கிறதா? இல்லையென்றால் நீங்களே இணைப்பு எழுத வேண்டும், அதை எழுதுவது கோட்லினில்தான். அப்படியானால் முழுவதையும் கோட்லினிலேயே எழுதிவிடலாமே என்று முடிவு செய்தேன்.

எதிர்ப்பக்க உதாரணமும் சொல்கிறேன். ஊட்டியில் ஓர் உறைவிடப் பள்ளிக்குப் பெற்றோருக்கான ஆப் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் பல ஊர்களில், பாதிப் பேர் ஐபோனில். கருவி எதுவும் இணைக்க வேண்டியதில்லை. அறிவிப்பு, கட்டணம், விடுப்பு விண்ணப்பம், அவ்வளவுதான். அங்கே நேட்டிவில் இரண்டு முறை எழுதுவது வீண் செலவு. ஃப்ளட்டரோ ரியாக்ட் நேட்டிவோ, குழுவுக்கு எது தெரியுமோ அது.

படி 5: சிக்னல் இல்லாததை வழக்கமாக வைத்துக்கொண்டு எழுதுங்கள்

மலையில் ஆப் செய்பவர் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. ஃபிரேம்வொர்க் எதுவானாலும் விதிகள் ஒன்றே.

எடை முதலில் போனிலேயே, எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் சேமிக்கப்பட வேண்டும். கோட்லினில் ரூம், ஃப்ளட்டரில் டிரிஃப்ட் என இதற்கு வசதியான கருவிகள் உண்டு. சேமித்ததும் "பதிவாயிற்று" என்று திரை சொல்லிவிட வேண்டும், சர்வருக்குக் காத்திருக்கக் கூடாது.

ஒவ்வொரு எடைக்கும் போனே ஒரு தனி அடையாள எண்ணை, யூயூஐடி என்பதை, உருவாக்க வேண்டும். சர்வர் அதே எண்ணை இரண்டாவது முறை பார்த்தால் "ஏற்கெனவே வாங்கிவிட்டேன்" என்று மட்டும் பதில் சொல்ல வேண்டும். என் 18 கிலோ 36 ஆன கதைக்கு மருந்து இந்த ஒரு வரிதான்.

அனுப்புவதைப் பின்னணி வேலைக்கு விடுங்கள். ஆண்ட்ராய்டில் ஒர்க்மேனேஜர் இணைப்பு வந்ததும் அனுப்பும், போன் அணைந்து எழுந்தாலும் மறக்காது. ஆனால் திரும்பத் திரும்ப ஓடும் வேலைக்கு 15 நிமிடத்துக்குக் குறைந்த இடைவெளி அது தராது, சில போன்களின் பேட்டரி சேமிப்பு அதையும் தள்ளிப்போடும். அதனால் "அனுப்பாதவை: 14" என்று ஓர் எண்ணையும் "இப்போது அனுப்பு" என்று ஒரு பட்டனையும் திரையில் வையுங்கள். டவுனுக்கு வந்ததும் அவரே அழுத்திக்கொள்வார்.

எடையைத் தசமமாக வைக்காதீர்கள். கம்ப்யூட்டரில் தசமக் கூட்டல் கடைசி இலக்கத்தில் பிசகும். 18.4 கிலோவை 18,400 கிராம் என்று முழு எண்ணாகவும், விலையைப் பைசாவாகவும் வையுங்கள். ஈரக் கழிவு 5 சதவீதம் என்றால் 920 கிராம், மீதி 17,480. பின்னம் வந்தால் மேலே ஏற்றுவதா கீழே இறக்குவதா என்பதைக் நிரல் எழுதுகிறவர் முடிவு செய்யக் கூடாது. ஏஜென்ட், விவசாயி இருவரையும் உட்கார வைத்துக் கேட்டு எழுதி வாங்குங்கள். அது அவர்கள் பணம்.

படி 6: தமிழைச் சோதியுங்கள்

எல்லா ஃபிரேம்வொர்க்கும் தமிழைக் காட்டும். சிக்கல் அதற்கு அடுத்த இடங்களில் இருக்கிறது.

பெயர்ப் பட்டியலை அகர வரிசைப்படுத்தினால், எஸ்க்யூலைட் யூனிகோடு எண் வரிசையில் அடுக்கும். அந்த வரிசையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல, ள, ழ, பிறகுதான் வ. நாம் பள்ளியில் படித்த வரிசை இதுவல்ல. தமிழுக்கான வரிசை விதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். தேடலிலும் ஒரு பொறி உண்டு. "கொ" என்பதை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் என்எஃப்சி எனும் ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பிரிண்டர்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. சீட்டு அடிக்கும் 58 மி.மீ. பிரிண்டர்களில் பலவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. தமிழை அனுப்பினால் கேள்விக்குறிகளும் கட்டங்களும் வரும். வழி இதுதான்: சீட்டு முழுவதையும் போனிலேயே படமாக வரைந்து, படமாக அனுப்புங்கள். இவற்றின் அச்சு அகலம் வழக்கமாக 384 புள்ளி, அதாவது வரிக்கு 48 பைட். கொம்பும் புள்ளியும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க எழுத்து அளவையும் வரி இடைவெளியையும் கொஞ்சம் தாராளமாக வையுங்கள். கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடங்கலில்லாமல் வாசித்தால் சரி.

படி 7: கடினமானதை முதலில், மூன்று நாளில்

இறுதி முடிவுக்கு முன், மனதில் உள்ள இரண்டு ஃபிரேம்வொர்க்கிலும் ஒரே சின்னச் சோதனையைச் செய்யுங்கள். லாகின் திரை, அழகான முகப்பு எதுவும் வேண்டாம். தராசிலிருந்து எடையை வாங்கு, ஃபிளைட் மோடில் சேமி, தமிழில் சீட்டு அடி, போனை அணைத்துப் போடு, சேமித்தது இருக்கிறதா பார், ஃபிளைட் மோடை எடு, ஒரே ஒரு முறை போய்ச் சேர்ந்ததா பார். நோட்டில் உள்ளதிலேயே பழைய போனில் செய்யுங்கள். வேகத்தை அளப்பது வெளியிடும் பதிப்பான ரிலீஸ் பில்டில் மட்டும். ஃப்ளட்டரின் பிழை தேடும் பதிப்பான டீபக் பில்டைப் பார்த்து "மெதுவாக ஓடுகிறது" என்று ஒதுக்கியவர்கள் உண்டு, அது நியாயமில்லை.

படி 8: உங்களுக்குப் பிறகு யார்?

கருவிகளுக்கும் ஆயுள் உண்டு. விண்டோஸ் போன் போனது. ஆப் எழுதும் கருவியான ஃபோன்கேப்பை அடோபி 2020-இல் கைவிட்டது. அதுபோன்ற கருவியான சமரினுக்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2024 மே 1-இல் முடிந்தது. ஒவ்வொன்றையும் நம்பி எழுதியவர்கள் இருந்தார்கள். ஆகவே கணக்குப் பகுதியைத் திரையிலிருந்து தனியே பிரித்து எழுதுங்கள், வீடு மாறினால் பாத்திரத்தையாவது எடுத்துப் போகலாம். பக்கத்தில், கோவை வரைக்குமாவது, அந்த மொழி தெரிந்தவர் கிடைப்பாரா என்று விசாரியுங்கள். கிடைக்காத அருமையான மொழியைவிடக் கிடைக்கும் சாதாரண மொழி மேல்.

பிளே கணக்கும், ஆப் யாருடையது என்று காட்டும் கையொப்பச் சாவியும், மூல நிரலும் ஆப்பின் உரிமையாளர் பெயரில் இருக்க வேண்டும். டெவலப்பரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தால், அவர் வேலை மாறிப் போகிற நாளில் ஆப்பும் பூட்டிக்கொள்ளும். பராமரிப்புக்கு வருடாவருடம் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள். எந்த ஆண்ட்ராய்டு பதிப்பை இலக்காக வைக்க வேண்டும் என்ற வரம்பை பிளே ஒவ்வொரு வருடமும் உயர்த்துகிறது, கெடு வழக்கமாக ஆகஸ்ட் கடைசி.

படி 9: வெளியிடும் மாதம்

மே, ஜூனில் இலை குவியும் நேரத்தில் புதுப் பதிப்பைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை குளிரிலும் உறைபனியிலும் கொழுந்து வருவது குறையும், கொட்டகையில் பேச நேரம் இருக்கும். பெரிய மாற்றத்தை அப்போது வையுங்கள். பிளேயில் எல்லோருக்கும் ஒரேயடியாகத் தராமல் சிறு சதவீதமாகத் திறந்து, இரண்டு நாள் பார்த்து, பிறகு கூட்டலாம்.

முதல் இரண்டு வாரம் பழைய சீட்டுப் புத்தகமும் ஆப்பும் சேர்ந்தே ஓடட்டும். தினமும் மாலையில் இரண்டு கூட்டுத்தொகையையும் ஏஜென்ட் அண்ணனோடு உட்கார்ந்து ஒத்துப் பாருங்கள். எங்களுக்கு நான்காம் நாள் 40 கிராம் வித்தியாசம் வந்தது. தேடிப் பார்த்தால் கழிவை ஒவ்வொரு சாக்குக்கும் தனியாகக் கழித்திருந்தோம், அவர் மொத்தத்தில் கழித்திருந்தார். அவர் முறைக்கே ஆப்பை மாற்றினோம். பதினைந்தாம் நாள் சீட்டுப் புத்தகத்தை மூடியவர் அவர்தான்.